காசு படுக்கைக்குத்தான்

“அப்பா, இந்தத் தடவை பிசினஸ் கிளாஸ்ல போட்டுடறேன்.”

“எதுக்குடா தண்டச் செலவு? உட்கார்ந்தபடியே வந்துடுவோம்.”

மகளின் பேறுகாலத்துக்கோ பேரனைப் பார்க்கவோ அமெரிக்கா கிளம்பும் வீடுகளில் இந்தப் பேச்சு ஒரு முறையாவது ஓடும். ஆடம்பரம், பெருமை, பிள்ளையின் சம்பளம் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் எகானமி டிக்கெட்டில் வந்து நிற்கும். எகானமியில் போவதில் தப்பே இல்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் வரவேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் பயணத்தில் எத்தனை மணி நேரம் படுத்துத் தூங்க முடியும்?

நீண்ட தூர விமானத்தில் பிசினஸ் கிளாஸுக்குக் கொடுக்கும் காசு படுக்கைக்குத்தான். லவுஞ்ச், ஷாம்பெயின், சூடான துண்டு, பீங்கான் தட்டில் சாப்பாடு எல்லாம் கூடவே வருபவை. எகானமியைப் போல மூன்று, நான்கு மடங்கு கட்டணத்தை அவற்றுக்காகக் கொடுப்பது வீண். லவுஞ்சுக்குள் நுழைய நல்ல கிரெடிட் கார்டு ஒன்று போதும். சாப்பாட்டுக்கு ஊரில் எத்தனையோ இடம் இருக்கிறது. பிசினஸ் கிளாஸ் என்ற வகுப்பு 1970களின் கடைசியில் வந்தபோது அதில் படுக்கையே கிடையாது. முழுக் கட்டணம் கொடுத்த பயணிகளைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் வசதியாக உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். தட்டையாகப் படுக்கிற இருக்கையை பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பிசினஸ் வகுப்பில் 2000-ல் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இன்றைய விலைக்கு நியாயம் சொல்வது அந்தப் படுக்கை மட்டும்தான்.

கணக்கை சென்னையிலிருந்தே போட்டுப் பார்ப்போம். துபாய், தோஹா, அபுதாபி மூன்றுக்குமே நாலு, நாலரை மணி நேரம். கிளம்பி மேலேறுவது, சாப்பாடு, இறங்குவதற்கு முந்தைய அரை மணி எல்லாவற்றையும் கழித்தால் இரண்டரை மணி தேறினால் அதிகம். அங்கிருந்து நியூயார்க்குக்கு சுமார் 14 மணி நேரம். டல்லாஸ், ஹூஸ்டன் என்றால் 16 வரை போகும். தூக்கம் அங்கேதான் இருக்கிறது. லண்டனுக்கோ ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ நேராகப் போகிறவர்களுக்கு 10, 11 மணி நேரம். அதில் நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் விமானத்தில் படுக்கை கொடுத்த காசுக்கு உழைக்கும். பகல் முழுக்கப் பறக்கிற விமானத்தில் படம் பார்த்துக்கொண்டு வரத்தான் பயன்படும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேராகப் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் எகானமி வகுப்பே இல்லை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. அவ்வளவு நேரம் உட்கார வைப்பது எந்த மாதிரி காரியம் என்பது அந்த நிறுவனத்துக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே காசு குறைவாக இருந்தால் அதை நீண்ட தடத்தில் போடுங்கள். வளைகுடா வரை எகானமி, அங்கிருந்து பிசினஸ் என்று பிரித்துப் போட முடிகிறதா என்று பாருங்கள். முழு வழிக்கும் பிசினஸ் என்று கேட்டால் சில சமயம் வித்தியாசம் சொற்பமாக இருக்கும். அப்போது முழுசாகவே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு விலையையும் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். இதில் ஒரு கண்ணியும் உண்டு. டிக்கெட் தேடும் தளங்களில் ‘பிசினஸ்’ என்று போட்டு நம்ப முடியாத விலையில் ஏதாவது வந்தால், ஒவ்வொரு தடத்தையும் விரித்துப் பாருங்கள். நாலு மணி நேரத் தடம் பிசினஸாகவும் 14 மணி நேரத் தடம் எகானமியாகவும் இருக்கும். ஐரோப்பாவுக்குள் போகும் சின்ன விமானங்களிலும் இதே ஏமாற்றம்தான். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஆஸ்லோவுக்கு பிசினஸ் என்றால், பெரும்பாலும் அதே எகானமி இருக்கையில் நடு சீட்டைக் காலியாக விட்டுத் திரை போட்டிருப்பார்கள்.

ஒரு வழிக்கு மட்டும்தான் முடியும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். வயதான பெற்றோர் என்றால் போகும்போது போடச் சொல்வேன். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நடு ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் கிளம்புகின்றன. முதல் இரவுத் தூக்கம் விமான நிலையத்திலேயே போய்விடும். போய் இறங்கும் இடத்தில் நீண்ட வரிசை, அதிகாரியின் கேள்விகள், புரியாத உச்சரிப்பு. அதற்குத் தெளிந்த தலை வேண்டும். திரும்பும்போது வந்து விழுவது சொந்த வீட்டில். இரண்டு நாள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். திங்கட்கிழமை காலை அலுவலகம் போக வேண்டியவர் இதைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளட்டும். பெரும்பாலான நிறுவனங்கள் போக ஒரு வகுப்பு, வர ஒரு வகுப்பு என்று ஒரே டிக்கெட்டில் தருகின்றன. தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் விலை எக்குத்தப்பாக ஏறும்.

அடுத்தது விமானம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிறுவனத்தின் பெயரைப் பார்த்து பிசினஸ் டிக்கெட் வாங்குவார்கள். இருக்கையைத் தீர்மானிப்பதோ விமானம். விளம்பரத்தில் பார்த்த கதவு வைத்த குட்டி அறை ஒரு விமானத்தில் இருக்கும். அதே நிறுவனத்தின் இன்னொரு விமானத்தில் 15 வருடப் பழைய இருக்கை இருக்கும். விலை இரண்டுக்கும் ஒன்றே. எமிரேட்ஸ் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது ஏ380 விமானத்தின் மேல்மாடியும் அதன் பின்கோடியில் இருக்கும் பாரும். அந்த விமானம் சென்னைக்கு வருவதில்லை. இங்கே வருவது போயிங் 777. அதன் பழைய அமைப்பில் பிசினஸ் இருக்கைகள் 2-3-2 என்று நிற்கும். நடு சீட்டும் உண்டு. 2024-லிருந்து அவற்றை ஒவ்வொன்றாக 1-2-1 ஆக மாற்றி வருகிறார்கள். ஏர் இந்தியாவிலும் இதே கதை: 2024 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய ஏ350-ல் கதவு வைத்த 28 தனி அறைகள், பழைய விமானங்களில் வேறு உலகம். லுஃப்தான்ஸா 2024 மே மாதம் புது இருக்கைகளைக் கொண்டுவந்தது; ஆனால் 2-2-2 வரிசைகளும் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1-2-1 என்றால் எல்லோருக்கும் நடைபாதை. யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். 2-2-2 என்றால் ஜன்னலோரம் இருப்பவர் பாத்ரூம் போகப் பக்கத்தில் தூங்குகிறவரின் காலைத் தாண்ட வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கும் புராஸ்டேட் தொல்லை உள்ளவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை. முன்பதிவுப் பக்கத்திலேயே விமானத்தின் வகை போட்டிருக்கும். சீட் வரைபடத்தைத் திறந்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். வாங்கும் நாளில் ஒருமுறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, செக்-இன் அன்று ஒருமுறை பாருங்கள். நடுவில் விமானத்தை மாற்றுவது சாதாரணம். மாற்றினால் நீங்கள் தேர்ந்தெடுத்த சீட் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும்.

சீட் தேர்வில் கவனிக்க வேண்டியது கால் வைக்கும் குழி. நவீன பிசினஸ் இருக்கைகளில் நம் கால்கள் முன் இருக்கையின் பக்கவாட்டில் உள்ள ஒரு பொந்துக்குள் நீள்கின்றன. சிலவற்றில் அது இரண்டு பாதங்களைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதுகிற அளவு. குப்புறப் படுக்கிறவருக்கும் முழங்கால் மடக்கிப் படுக்கிறவருக்கும் அது இம்சை. ஒவ்வொரு பகுதியின் முதல் வரிசையில், சுவரை ஒட்டிய இருக்கைகளில், இந்தக் குழி அகலமாக இருக்கும். ஆனால் கைக்குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் பல விமானங்களில் அதே சுவரில்தான். அகலமான குழியா, அழாத ராத்திரியா என்பது உங்கள் தீர்மானம். நான் நடு வரிசைகளில், சமையல் பகுதிக்கும் பாத்ரூமுக்கும் தள்ளி இருக்கும் இருக்கையைத்தான் சொல்வேன். இரவு முழுக்க அவற்றின் பக்கத்தில் டிராலி உருளும் சத்தமும் திரை விலகும் வெளிச்சமும் தீராது.

தம்பதி என்றால் நடு ஜோடி. தனியாகப் போகும் பெண் என்றால் ஜன்னலோரம். சில விமானங்களில் ஜன்னலோர இருக்கைகளே இரண்டு தினுசு: ஒரு வரிசையில் ஜன்னலை ஒட்டி, நடைபாதைப் பக்கம் மேஜை வைத்து மறைவாக, அடுத்த வரிசையில் நடைபாதையை ஒட்டி, போகிற வருகிறவர்கள் தோளில் இடிக்கும்படி. வரைபடத்தை உற்றுப் பார்த்தால் இது தெரியும். கத்தார் ஏர்வேஸின் கியூ சூட் என்ற பிசினஸ் இருக்கைகளில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை விமானத்தின் வால் பக்கம் பார்த்து இருக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் அதைத் தவிர்க்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸில் பிசினஸ் டிக்கெட் வாங்கினாலும் சீட்டை முன்கூட்டித் தேர்ந்தெடுக்கத் தனியாகக் காசு கேட்பார்கள். கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போதுதான் இலவசம். அவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இதற்கும் நீட்டுகிறார்களே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

இனி விலை. இந்தியாவிலிருந்து கிளம்பும் பிசினஸ் டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் 12. எகானமிக்கு 5 மட்டுமே. ஆகவே விலையை ஒப்பிடும்போது வரி சேர்ந்த தொகையைப் பாருங்கள். கம்பெனி காசில் போகிறவர்கள் ஜிஎஸ்டி எண்ணை முன்பதிவின்போதே கொடுத்துவிட வேண்டும். பிறகு அலைந்து பிரயோசனம் இல்லை.

பிசினஸிலும் மலிவு ரகம் வந்துவிட்டது. எமிரேட்ஸ் 2019-ல் ‘ஸ்பெஷல்’ என்று தொடங்கியது, கத்தார் 2020-ல் ‘லைட்’ என்றது, ஃபின்னேர் அதற்கு அடுத்த வருடம். படுக்கை அதேதான், லவுஞ்ச் கிடையாது, தேதி மாற்றினால் அபராதம் கூடும், சிலவற்றில் சீட் தேர்வும் கிடையாது. தேதி உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல பேரம். தங்கும் நாளை நீட்டலாமா குறைக்கலாமா என்று பிள்ளை வீட்டில் போய்த்தான் தெரியும் என்கிற பெற்றோருக்கு இது ஆகாது. பெட்டி எடையையும் டிக்கெட்டில் உள்ளபடி படியுங்கள்: வளைகுடா நிறுவனங்களில் பல தடங்களில் மொத்தம் 40 கிலோ, அமெரிக்கத் தடங்களில் 32 கிலோ வீதம் இரண்டு பெட்டி. ஊறுகாயும் அப்பளமும் வடகமும் கொண்டுபோகிற குடும்பத்துக்கு அந்த 24 கிலோ வித்தியாசம் பேச்சுக்குரியது.

எகானமி டிக்கெட் வாங்கிவிட்டு, பிசினஸுக்கு உயர்த்த ஏலம் கேட்பது இன்னொரு வழி. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு, ‘உங்கள் தொகையைச் சொல்லுங்கள்’ என்று மின்னஞ்சல் வரும். சுட்டியை நகர்த்த நகர்த்த ஒரு முள் சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும். அந்த முள்ளை நம்பாதீர்கள். அது உங்களை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளத்தான் இருக்கிறது. நீங்கள் கொடுத்த எகானமி விலையோடு ஏலத் தொகையைக் கூட்டுங்கள். அது அந்த மலிவு ரக பிசினஸ் விலையை நெருங்கினால் ஏலம் கேட்பதில் அர்த்தமில்லை. ஏலம் தடத்துக்குத் தடம் தனித்தனி. நாலு மணி நேரத் தடத்துக்கு ஒரு ரூபாயும் வைக்காதீர்கள். ஜெயித்தால் பணம் உடனே கார்டிலிருந்து போய்விடும், திரும்பி வராது. பெட்டி எடை பழைய எகானமி அளவிலேயே நிற்கும் என்று சில நிறுவனங்கள் நிபந்தனை வைத்திருக்கின்றன. அதைப் படிக்காமல் கூடுதல் பெட்டியோடு கவுன்ட்டருக்குப் போனால் அங்கே ஒரு தண்டம்.

விமான நிறுவனங்கள் தரும் மைல் புள்ளிகள் இருந்தால் அவற்றை எகானமியில் கரைக்காமல், இந்த நீண்ட தடத்துக்கென்று வையுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் இரண்டுமே ஆவியோஸ் என்ற ஒரே நாணயத்தைப் பயன்படுத்துகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் 36 மாதத்தில் காலாவதியாகும், தேதியைக் குறித்து வையுங்கள். மைலுக்குக் கிடைக்கும் இருக்கைகள் ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே திறக்கின்றன; பள்ளி விடுமுறைக் காலத்தில் அவை முதலில் வந்தவருக்கே. மைல் கொடுத்தாலும் வரியும் கூடுதல் கட்டணமும் காசாகத்தான் கட்ட வேண்டும். லண்டன் வழியாகப் போனால் அது கணிசமாக வரும்.

பிரீமியம் எகானமியைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்ல நாற்காலி. வரிசைக்கு வரிசை 38 அங்குலம் இருக்கும். எகானமியில் 31, 32. முழங்காலுக்கு நிம்மதி, முதுகுக்கு ஓரளவு. படுக்கை இல்லை. பகல் விமானத்துக்குத் தாராளமாக எடுக்கலாம்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெற்றோர் முதல் முறை போகிறார்கள். பிள்ளைகள் இங்கேதான் ஒரு காரியத்தை விட்டுவிடுகிறார்கள். பிசினஸில் உட்கார்ந்து, அந்த இருக்கையைப் படுக்கையாக்கத் தெரியாமல், யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, 14 மணி நேரமும் நிமிர்ந்தே வந்த பெரியவர்கள் நிறைய பேர் உண்டு. ஒரு வீடியோ அழைப்பில் இதைச் சொல்லிக்கொடுங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் மூன்று படம் போட்ட பொத்தான்கள் இருக்கும்: நிமிர்ந்த நாற்காலி, சாய்ந்த நாற்காலி, படுத்த ஆள். படுத்த ஆள் படத்தை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். விரலை எடுத்தால் இருக்கை பாதியில் நின்றுவிடும். அதற்கு முன் காலடியில் வைத்த கைப்பையையும் செருப்பையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஏதோ தட்டுகிறது என்று இருக்கை நகராது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அமெரிக்கத் தடங்களில் ஓடும் இருக்கைகளில் பொத்தானை அழுத்தினால் படுக்கை வராது. முதுகுப் பலகையையே முன்னால் மடித்துப் போட்டு, அதன் பின்பக்கத்தில் விரித்திருக்கும் மெத்தையைக் காட்டுவார்கள். அதைப் பணிப்பெண்தான் வந்து செய்வார். குறுக்காகத்தான் படுக்க வேண்டும்.

அழைப்பு மணியை அழுத்துவது அதிகாரம் பண்ணுவது ஆகாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ‘பெட் மேக், ப்ளீஸ்’ என்றால் போதும். மெத்தை விரித்து, தலையணை வைத்து, போர்வை மடித்துத் தருவார்கள். டிப்ஸ் கொடுக்க வேண்டாம். தரும் சின்னப் பை, அதிலுள்ள கிரீம், காலுறை, சில நிறுவனங்கள் தரும் இரவு உடை எல்லாம் நமக்கே. போர்வையும் மெத்தையும் விமானத்தின் சொத்து.

போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை ஒரு அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. இது மரியாதைக்குச் சொல்வது இல்லை. மோட்டார் இயங்கும்போது போன் நசுங்கினால் உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். எழுந்து நின்று, பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு எடுக்கத் தெரியும். பவர் பேங்கை நம்பியும் போக வேண்டாம்; சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலும் எமிரேட்ஸ் அதே வருடம் அக்டோபரிலும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டன. இருக்கையிலேயே பிளக் இருக்கிறது.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏவிஎம்எல் என்று குறியீடு போட்டால் இந்திய சைவச் சாப்பாடு. விஜேஎம்எல் ஜெயின் உணவு. விஜிஎம்எல் என்பது பால், தயிர்கூட இல்லாத வீகன் உணவு. பெயரைப் பார்த்து வெஜிடேரியன் என்று போட்டவர்கள் மோர் சாதத்துக்கு ஏங்கியபடி இலை தழைகளோடு பயணம் போவார்கள். 24 மணி நேரம் முன்பாவது சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடத்துக்கும் தனியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு நிறுவனத்தின் விமானத்தில் மாறி ஏறினால் குறிப்பு தொலைந்துபோக வாய்ப்பு அதிகம். சென்னையிலிருந்து கிளம்பும் தடத்தில் நான் இதைப் பதியச் சொல்வதில்லை. மெனுவிலேயே சைவம் இருக்கும், அதுவும் சூடாக, தேர்ந்தெடுக்கும்படி. சிறப்பு உணவு என்று போட்டுவிட்டால் அந்தத் தட்டு மட்டுமே. திரும்பி வரும்போது, அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஏறும் தடத்துக்கு, கட்டாயம் பதியுங்கள்.

ராத்திரி விமானத்தில் சாப்பாட்டுக்காக விழித்திருப்பது வாங்கிய படுக்கையை வீணாக்குவது. லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு, ஏறியதும் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்: எழுப்ப வேண்டாம், இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது காபி போதும். பிசினஸில் பல நிறுவனங்கள் எப்போது கேட்டாலும் சாப்பாடு தரும். இலவசம் என்பதற்காக மது அருந்துவது தூக்கத்துக்கு எதிரி. பழைய ரக விமானங்களில் உள்ளே இருக்கும் காற்று 8,000 அடி உயர மலையில் இருக்கும் காற்றைப் போன்றது, ஊட்டியைவிட உயரம். 787, ஏ350 விமானங்களில் 6,000 அடி அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். ஈரப்பதமும் மிகக் குறைவு. தண்ணீர் பாட்டிலைப் படுக்கை ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கும்போது சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலாகப் போடுங்கள். விமானம் ஆட்டம் காணும்போது பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கப் பணியாளர் வருவார். போர்வைக்குள் இருந்தால் தட்டி எழுப்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. இந்த ஒன்றைச் செய்யாததால் நல்ல தூக்கம் கலைந்தவர்கள் ஏராளம்.

காலில் ரத்தம் உறைவது எகானமிக்காரர்களின் நோய் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்கும் எந்தப் பயணத்திலும் அந்த ஆபத்து கூடும். மெத்தையில் அசையாமல் கிடந்தாலும் அசையாமைதான். விழித்திருக்கும் வேளையில் எழுந்து நடக்க வேண்டும். முன்பு உறைவு வந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இறுக்கமான காலுறை பற்றியும் மருந்து பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் நேரக் கணக்கை அவரிடமே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மருந்துகள் கைப்பையில்.

படுக்கை வேலை செய்யாவிட்டால்? உட்கார்ந்த உடனே, விமானக் கதவு மூடும் முன், ஒருமுறை முழுசாகப் படுக்க வைத்து நிமிர்த்திப் பாருங்கள். அப்போது கண்டுபிடித்தால் வேறு சீட் கேட்கலாம், தரையிலிருந்து ஆள் வந்து சரிசெய்யவும் வாய்ப்புண்டு. மேலே போன பிறகு தெரிந்தால், மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் போனில் வீடியோ எடுத்து, பணியாளர் தலைவரைப் புகாராகப் பதியச் சொல்லுங்கள். 2023-ல் ஹைதராபாத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக பெர்த் போன ஒரு தம்பதிக்கு இருக்கை தானாகச் சாயவில்லை. நிறுவனம் ஆளுக்கு 10,000 மைல் தருவதாகச் சொன்னது, அவர்கள் ஏற்கவில்லை. அடுத்த வருடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. முதலில் நீட்டும் மைலையும் கூப்பனையும் அவசரப்பட்டு வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அதைவிட மோசம், பிசினஸ் டிக்கெட் வாங்கியவரை இடமில்லை என்று எகானமியில் உட்கார வைப்பது. இதற்கு இந்தியாவில் 2023 பிப்ரவரி 15 முதல் விதி இருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்தில் தூரம் 1,500 கி.மீ. வரை என்றால் வரி உட்பட டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியிலும் நீண்ட தூரத்துக்கு 75 சதவீதம்தான். கவுன்ட்டரில் இருப்பவர் ‘வித்தியாசத் தொகை வந்துவிடும் சார்’ என்பார். அன்றைய எகானமி விலை உச்சத்தில் இருந்தால் அந்த வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போகும். விதியின் சதவீதத்தைக் கேளுங்கள். விருப்பமில்லாமல் மாற்றப்பட்டேன் என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய போர்டிங் பாஸையும் புதியதையும் பத்திரப்படுத்துங்கள்.

இறங்கிய பிறகு பிசினஸ் டிக்கெட்டின் மகிமை பெரும்பாலும் முடிந்துவிடும். அமெரிக்க இமிகிரேஷன் வரிசையில் அதைக் காட்டிப் பிரயோசனமில்லை. நடக்க முடியாத பெற்றோருக்கு வீல்சேர் கேட்டுப் பதியுங்கள். எந்த வகுப்பிலும் அது இலவசம், இமிகிரேஷன் தாண்டிப் பெட்டி எடுத்து வெளியே வரும்வரை ஒரு ஆள் கூடவே வருவார். திரும்பிச் சென்னையில் இறங்கும்போது, இந்தியக் குடிமக்களுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மின்வாயில் வழியாக வேகமாக வெளியேறும் அரசின் துரித இமிகிரேஷன் திட்டம் 2025 ஜனவரியிலிருந்து இருக்கிறது. கட்டணம் இல்லை, இணையத்தில் விண்ணப்பித்து விரல்ரேகை கொடுத்தால் போதும். எகானமியில் வந்தவரும் அதில் போகலாம். பெட்டியில் ‘பிரையாரிட்டி’ என்று கட்டிய அட்டை பெல்ட்டில் முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை, டிராலியை எடுத்துக்கொண்டு நில்லுங்கள்.